கோபம் இருந்தும் கூட்டம் சேராதது ஏன்? கூட்டு நடவடிக்கைக்கு ஓர் அறிமுகம்

வட சென்னையில், கொருக்குப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ எண்பது வீடுள்ள ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். மூன்று மாதமாகக் குடிநீரில் சாக்கடை நாற்றம். எண்பது வீட்டிலும் கோபம் இருக்கிறது. குழாயடியில், டீக்கடையில், வாட்ஸ்அப் குழுவில் தினமும் இதே பேச்சுதான். ஆனால் மனுவோடு அலுவலகம் போகலாம் என்று ஒருவர் கூப்பிட்டால் நாலு பேர் வருகிறார்கள். அதே வார்டில் இன்னொரு தெரு, இதைவிடச் சின்னப் பிரச்சினைக்கு, காலிக்குடங்களோடு சாலையில் உட்கார்ந்து அரை நாளில் அதிகாரியை வரவழைத்துவிடுகிறது.

“அவர்களுக்கு விழிப்புணர்வு அதிகம்” என்று சொல்லி இதைக் கடந்துவிடுவது வழக்கம். சமூகவியலாளர்கள் அந்தப் பதிலை ஏற்பதில்லை. கோபம் எங்கும் தாராளமாகக் கிடைக்கும் பொருள். தட்டுப்பாடாக இருப்பது வேறு: யார் யாரோடு பழக்கம், போனால் யாருக்கு எவ்வளவு நட்டம், போகாதவரை யார் கேட்பார், எந்தக் கதவு எப்போது திறந்திருக்கிறது. பொதுவான ஒரு பலனுக்காகப் பலர் சேர்ந்து செய்வதைக் கூட்டு நடவடிக்கை என்கிறோம். அதற்காக ஆளையும் பணத்தையும் நேரத்தையும் சேர்த்து அதிகாரத்தின் பக்கம் திருப்புவது அரசியல் அணிதிரட்டல். இதில் எது யாருடைய வேலை, எது யாருடைய குற்றம் என்ற கேள்வி சமூகப் பொறுப்பு. மூன்றையும் தனித்தனியாகப் படித்தால் ஒன்றும் பிடிபடாது. வட சென்னையை வைத்துப் பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

கணக்கு இடிக்கும் இடம்

கூட்டத்தைப் பற்றிய பழைய கருத்து ஒன்று உண்டு. பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ போன் 1895இல் சொன்னது: கூட்டத்தில் சேர்ந்த மனிதன் அறிவை இழந்து உணர்ச்சிவசப்பட்ட விலங்காகிறான். ஆய்வுலகம் இதை எப்போதோ தள்ளிவைத்துவிட்டது. தடியடிக்கு விளக்கம் தரும் அறிக்கைகளில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அமெரிக்கப் பொருளியலாளர் மன்கர் ஓல்சன் 1965இல் நேர்மாறான பக்கத்திலிருந்து வந்தார். ஒரே நலன் உள்ளவர்கள் தானாகவே ஒன்றுசேர்வார்கள் என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. சேராமல் இருப்பதுதானே ஒவ்வொருவருக்கும் லாபம் என்று அவர் கேட்டார்.

நம் தெருவுக்கே கணக்குப் போடலாம். எண்கள் வெறும் எடுத்துக்காட்டு. கெட்ட தண்ணீரால் ஒரு வீட்டுக்குக் கேன் தண்ணீர், மருந்து என்று மாதம் 200 ரூபாய் போகிறது, ஆண்டுக்கு 2,400. இருபது பேர் ஒன்றாகப் போய் நின்றால்தான் அதிகாரி அசைவார். போகிறவருக்கு ஒருநாள் கூலி 800 ரூபாய் நட்டம். இருபது பேரின் மொத்தச் செலவு 16,000. தெருவுக்கு வரும் ஆதாயம் 1,92,000. பன்னிரண்டு மடங்கு, எந்தச் சீட்டுக் கம்பெனியும் இப்படித் தராது.

இப்போது ஒரு வீட்டுக்காரரின் இடத்தில் நின்று பாருங்கள். மற்ற இருபது பேர் போய்விட்டால், நான் போகாமலே எனக்கு 2,400 வரும், 800 மிச்சம். பத்துப் பேர்தான் போகிறார்கள் என்றால், நான் போயும் வேலை நடக்காது, 800 வீண். சரியாகப் பத்தொன்பது பேர் வந்து, இருபதாவது ஆளாக நான் இருந்தால் மட்டுமே என் வருகையால் ஏதாவது மாறும். அப்படி அமைவது அபூர்வம். ஆகவே வேலைக்குப் போவதே புத்திசாலித்தனம். எண்பது வீடும் இதே புத்திசாலித்தனத்தோடு நடந்தால் எண்பது வீட்டுக்கும் நாற்றத் தண்ணீர்தான். இதைச் சுயநலம் என்று திட்டுவதில் பயனில்லை. கூலி போனால் ராத்திரி அடுப்பு எரியாத வீட்டில் இது நியாயமான கணக்கு.

ஓல்சன் சொன்ன வழிகள் மூன்று. குழு சிறிதாக இருக்க வேண்டும். அப்போது வராதவர் யார் என்று தெரியும். அல்லது வந்தவருக்கு மட்டும் கிடைக்கும் தனிப் பலன் ஒன்று இருக்க வேண்டும். சங்க உறுப்பினருக்கு மட்டும் கடனுதவி, வழக்குச் செலவு என்பதைப்போல. அல்லது கட்டாயம் இருக்க வேண்டும். முதல் வழிதான் தெருவில் எளிதாகக் கைகூடுவது. ஹவுசிங் போர்டு குடியிருப்பில் ஐந்நூறு வீட்டுக்கும் சேர்த்து ஒரு கூட்டம் அறிவித்தால் முப்பது பேர் வருவார்கள். அதையே பிளாக் பிளாக்காகப் பிரித்து, ஒரு மாடிப்படிக்கு ஒருவர் என்று பொறுப்புக் கொடுத்து, படிக்கு மூன்று பேர் வந்தால் போதும் என்று வைத்தால் கதை மாறும். பன்னிரண்டு வீடுள்ள படியில் யார் வரவில்லை என்பது ராத்திரிக்குள் எல்லோருக்கும் தெரியும்.

ஓல்சனின் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. போராட்டத்துக்குப் போவதை அவர் முழுக்கச் செலவுப் பக்கத்தில் எழுதினார். பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் பின்னால் சுட்டிக்காட்டியபடி, பலருக்குப் போவதே வரவு. அவமானப்பட்டவர் நிமிர்ந்து நிற்கும் ஒரு நாளுக்கு 800 ரூபாய் பெரிய விலை இல்லை. இதை மறந்துவிட்டு வெறும் லாப நட்டத்தால் எல்லாவற்றையும் விளக்கப் போனால், சிறைக்குப் போனவர்களையெல்லாம் கணக்குத் தெரியாதவர்கள் என்று சொல்லவேண்டியிருக்கும்.

யார் முதலில்?

அடுத்த சிக்கல் வரிசை. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1978இல் ஒரு கணித விளையாட்டை முன்வைத்தார். நூறு பேர் ஒரு இடத்தில் நிற்கிறார்கள். ஒவ்வொருவர் மனதிலும் ஒரு எண்: இத்தனை பேர் இறங்கினால் நானும் இறங்குவேன். முதல் ஆளுக்கு எண் 0. யாரும் இல்லாவிட்டாலும் இறங்குவார். அடுத்தவருக்கு 1, அதற்கடுத்தவருக்கு 2, இப்படியே கடைசி ஆளுக்கு 99. முதல் ஆள் இறங்கியதும் இரண்டாமவர், அவரைப் பார்த்து மூன்றாமவர் என்று நூறு பேரும் இறங்கிவிடுவார்கள். இப்போது ஒரே ஒரு மாற்றம்: எண் 1 உள்ளவரை எடுத்துவிட்டு, அவர் இடத்தில் எண் 2 உள்ள இன்னொருவரை வையுங்கள். முதல் ஆள் இறங்குகிறார். அவ்வளவுதான். அவர் தனியாக நிற்பார். 99 பேர் மனதிலும் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவர் முதல் ஊரை வீரம் மிக்கது என்றும் இரண்டாவதைக் கோழைகளின் ஊர் என்றும் எழுதுவார்.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடங்கள் பல. வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டு வீடுவீடாகப் போகாதீர்கள். முதல் ஐந்து வரியைத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஐந்து பேரிடம், அவரவர் வீட்டிலேயே போய் வாங்கிவிட்டுப் பிறகு தாளை வெளியே எடுங்கள். ரேஷன் கடையில் குரல் கொடுக்கும் அக்கா, ஆட்டோ ஸ்டாண்ட் அண்ணன், டியூஷன் எடுக்கும் டீச்சர் போன்றவர்கள்தான் இதற்குச் சரி. வாட்ஸ்அப் குழுவில் “நாளை காலை பத்து மணிக்கு எல்லோரும் வாங்க” என்று போட்டால், ஐம்பது பேர் பார்த்தும் யாரும் பதில் போடாத நிலை எல்லோருக்கும் தெரிகிறது. ஒருவரும் வரமாட்டார்கள் என்ற செய்தியை நீங்களே பரப்பியதாகிறது. முன்கூட்டியே பேசிவைத்த எட்டுப் பேர் பத்து நிமிடத்துக்குள் “வருகிறேன்” என்று போடுவதற்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் அந்தச் செய்தியைப் போட வேண்டும்.

பழக்கத்தின் பலம் எவ்வளவு என்பதற்கு சமூகவியலாளர் டக் மெக்ஆடம் செய்த ஆய்வு நல்ல சான்று. 1964 கோடையில் அமெரிக்காவின் மிசிசிப்பிக்குக் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவுசெய்யப் போவதற்கு மாணவர்கள் போட்ட விண்ணப்பங்களை அவர் எடுத்துப் படித்தார். ஏற்கப்பட்டவர்களில் ஏறக்குறையக் கால்பங்கினர் கடைசியில் போகவில்லை. கொள்கைப் பிடிப்பில் போனவர்களும் போகாதவர்களும் கிட்டத்தட்ட ஒன்றுதான். போனவர்களுக்கு, உடன் போகிறவர்களில் நெருங்கிய நண்பர்கள் அதிகம் இருந்தார்கள். கூடுதலான அமைப்புகளில் அவர்கள் ஏற்கெனவே உறுப்பினர்கள். கொள்கை விளக்கக் கூட்டத்துக்குச் செலவிடும் பணத்தில் பாதியைக் கேரம் கிளப்புக்கும் கால்பந்து அணிக்கும் கொடுக்கலாம் என்று வியாசர்பாடிக்காரர் ஒருவர் சொன்னால் சிரிக்காதீர்கள்.

பெரம்பூர், 1918

இதையெல்லாம் சொந்த மண்ணிலேயே பார்க்க ஒரு வரலாறு இருக்கிறது. பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள், நாம் பி அண்ட் சி மில் என்று சொல்பவை, பெரம்பூர், புளியந்தோப்பு, ஓட்டேரி, பட்டாளம் வட்டாரத்தின் உயிர்நாடியாக இருந்தன. உணவு இடைவேளை போதாது, வெள்ளைக்கார மேற்பார்வையாளர்கள் அடிக்கிறார்கள், திட்டுகிறார்கள் என்ற குறைகள் வெகுகாலமாக இருந்தன. சங்கம் பிறந்தது 1918 ஏப்ரல் 27 அன்று: சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படுவது. தலைவர் பி.பி. வாடியா, பிரம்மஞான சபைக்காரர். திரு.வி.க. முன்னணியில் நின்றார்.

குறை பழையது, சங்கம் ஏன் அப்போது? விடையின் ஒரு பகுதி ஒரு பஜனை சபையில் இருக்கிறது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் சார்ந்திருந்த வேங்கடேச குணாமிர்த வர்ஷினி சபையில் ஆலைத் தொழிலாளர்கள் சமயச் சொற்பொழிவு கேட்கக் கூடுவார்கள். கூடுமிடம், பழகிய முகங்கள், ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை எல்லாம் அங்கே தயாராக இருந்தன. புதிதாக ஆள்பிடிக்கத் தேவையில்லாமல், ஏற்கெனவே கூடியிருந்தவர்கள் அப்படியே சங்கமானார்கள். சமூகவியலாளர்கள் ஜான் மெக்கார்த்தி, மேயர் ஸால்ட் இருவரும் 1977இல் முன்வைத்த வளத்திரட்டல் கோட்பாடு சொல்வதும் கிட்டத்தட்ட இதைத்தான்: குறை எப்போதும் இருக்கும்; இடம், பணம், பேசத் தெரிந்தவர், சட்டம் தெரிந்தவர் என்ற வளங்கள் சேரும்போது இயக்கம் எழுகிறது. வாடியா வழியாக ஆங்கிலப் பத்திரிகையும் பிரிட்டன் வரைக்கும் தொடர்பும் கிடைத்தன.

ஆலை நிர்வாகம் நீதிமன்றத்தின் பக்கம் திரும்பியது. சங்கத் தலைவர்கள் தொழிலாளரை வேலைக்குப் போகவிடாமல் தூண்டுகிறார்கள் என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியது. சங்கம் நடத்துவதே குற்றமா என்ற கேள்வி நாடு முழுக்க எழுந்து, 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அதன் 17, 18ஆம் பிரிவுகள், பதிவுபெற்ற சங்கத்தின் நியாயமான நடவடிக்கைகளுக்காகச் சதி வழக்கும் நட்டஈட்டு வழக்கும் போடுவதிலிருந்து பாதுகாப்புத் தந்தன. பெரம்பூரில் விழுந்த அடி நாட்டுக்கு ஒரு சட்டமாகியது.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடும். நாம் 1921க்கும் போக வேண்டும். அந்த ஆண்டின் நடுவில் தொடங்கி அக்டோபர் வரை நீண்ட வேலைநிறுத்தத்தில், ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் ஆலைக்குத் திரும்பினார்கள். ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா திரும்பியவர்கள் பக்கம் நின்றார். புளியந்தோப்பில் மோதல் வெடித்தது, குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. வேலைநிறுத்தம் தோற்றது, சங்கம் நொறுங்கியது.

திரும்பியவர்களைத் துரோகி என்பது எளிது. ஓல்சனின் கணக்கை இங்கே கொஞ்சம் திருத்திப் போட வேண்டும்: செலவு எல்லோருக்கும் ஒன்றல்ல. மாதக்கணக்கில் கூலி இல்லாமல் தாக்குப்பிடிக்க, ஊரில் நிலமோ கடன் தரும் உறவோ இருப்பவருக்கும், சேரியில் இரண்டும் இல்லாதவருக்கும் வேலைநிறுத்தத்தின் விலை வேறு. தீர்மானம் எடுக்கும் மேடையில் தன் ஆள் இல்லாத ஒருவரிடம், அந்தத் தீர்மானத்துக்காகப் பட்டினி கிட என்று சொல்வதற்கு என்ன உரிமை இருக்கிறது? “தொழிலாளர் ஒற்றுமை” என்ற சொல் இந்த இடைவெளியை மூடிமறைத்தது. நிர்வாகம் அதைச் சரியாகக் கண்டுபிடித்துப் பயன்படுத்திக்கொண்டது. இன்றைக்கும் எந்தப் போராட்டத்திலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது: நீண்டால் முதலில் உடையப்போகும் வீடு யாருடையது, அவர்களுக்கு அரிசிக்கு என்ன ஏற்பாடு?

கட்டாயமும் கட்டுப்பாடும்

ஓல்சனின் மூன்றாவது வழியைப் பார்க்கக் கடற்கரைக்குப் போக வேண்டும். மீனவக் குப்பங்கள் மற்ற இடங்களைவிட வேகமாகத் திரள்வதற்குக் காரணம் ஊர்ப் பஞ்சாயத்து. “நாளைக்குத் தொழிலுக்குப் போகக்கூடாது” என்று ஊர் சொன்னால் படகு இறங்காது, மீறினால் அபராதம். எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே நட்டம் என்பதால் ஓசியில் பலன் பெறும் வழி அடைபடுகிறது.

கட்டாயத்தையும் ஊரே தனக்கு விதித்துக்கொள்ளலாம் என்பதை உலகெங்கும் ஆராய்ந்தவர் எலினார் ஆஸ்ட்ரம்; 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார், அத்துறையில் முதல் பெண். பொதுவளம் எப்படியும் சூறையாடப்படும், அரசோ தனியாரோ எடுத்துக்கொண்டால்தான் தப்பும் என்ற வாதத்தை அவர் மறுத்தார். நெடுங்காலம் நிலைத்த ஏற்பாடுகளில் அவர் கண்ட பொது அம்சங்களில் சில: யாருக்கு உரிமை என்பது தெளிவாக இருக்கும், விதியை அதற்கு உட்படுபவர்களே வகுப்பார்கள், கண்காணிப்பவர் அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர், முதல் தப்புக்குச் சின்ன அபராதம், திரும்பச் செய்தால் பெரியது. பழவேற்காட்டில் வழக்கிலுள்ள பாடு முறை இதற்கு நம் பக்கத்திலேயே உள்ள உதாரணம். இறால் வலை கட்டும் இடங்களை உரிமையுள்ள குடும்பங்கள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கின்றன.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். உரிமை யாருக்கு என்று தெளிவாக வரையும்போதே யாருக்கு இல்லை என்பதும் வரையப்படுகிறது. பாடு முறையில் பெயர் இல்லாதவர்கள், தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிப்பவர்கள், கூடை சுமந்து மீன் விற்கும் பெண்கள் ஆகியோர் பஞ்சாயத்துப் பேச்சில் பெரும்பாலும் இருப்பதில்லை. கழிமுகம் கெட்டால் முதலில் பட்டினி கிடப்பவர்கள் அவர்கள். நட்டஈட்டுப் பட்டியல் தயாராகும்போது படகு உரிமையாளர் பெயர் இருக்கும், இவர்கள் பெயர் விடுபடும். பட்டியலை அரசு கேட்பதற்கு முன்பே ஊர் எழுதிவைத்துக்கொண்டால் இந்தத் தவறு குறையும்.

பிரச்சினைக்குச் சட்டகம் போடுவது

நிகழ்ந்த ஒன்றைப் பிரச்சினையாகப் பார்க்க வைப்பதும் ஒரு வேலை; சட்டகம் போடுவது என்பது இதுதான். சமூகவியலாளர்கள் டேவிட் ஸ்னோ, ராபர்ட் பென்ஃபோர்டு இருவரும் 1988இல் இதை மூன்று கேள்விகளாகப் பிரித்தார்கள்: ஒன்று, என்ன கெட்டது, அது யாரால்; இரண்டு, என்ன செய்ய வேண்டும்; மூன்று, நான் ஏன் இப்போது இறங்க வேண்டும். மூன்றில் ஒன்று விடுபட்டாலும் இயக்கம் நொண்டும்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியது. மாணவர்களும் மீனவர்களும் வாளியால் அள்ளினார்கள். படங்கள் எங்கும் பரவின. தன்னார்வத்தைப் பாராட்டாதவர் இல்லை. இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு உடனே பதில் கிடைத்தது: அள்ள வேண்டும், இப்போதே. முதல் கேள்வி பின்னால் தள்ளப்பட்டது. எண்ணெய் அள்ளும் இயந்திரமும் பயிற்சி பெற்ற ஆட்களும் வைத்திருக்கவேண்டியவர் யார்? கையுறைகூட இல்லாமல் கல்லூரி மாணவர் ஏன் அள்ளவேண்டி வந்தது? 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கழிமுகத்தில் படிந்தபோது மறுபடியும் மீனவர் கையில்தான் வேலை வந்து நின்றது.

அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பம் அருகே உர ஆலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. இந்த முறை சட்டகம் வேறு. “ஆலையை மூடு” என்ற ஒற்றைக் கோரிக்கையோடு ஊர்கள் உட்கார்ந்தன. போராட்டம் மாதக்கணக்கில் நீண்டது. ஒற்றைக் கோரிக்கை ஆளைச் சேர்க்கும், ஆனால் பேச்சுவார்த்தையில் நெளிய இடம் தராது. இரண்டாம் நிலைக் கோரிக்கைகளை, அதாவது எச்சரிக்கைச் சைரன், மருத்துவ முகாம், குழாய்ப் பரிசோதனை அறிக்கை போன்றவற்றை, தனித் தாளில் தயாராக வைத்திருப்பது அனுபவமுள்ள குழுக்களின் வழக்கம்.

போராட்ட வடிவத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஒவ்வொரு காலத்திலும் மக்களுக்குப் பழகிய சில வடிவங்களே கைவசம் இருக்கும் என்றார் சமூகவியலாளர் சார்ல்ஸ் டில்லி. மறியல், உண்ணாவிரதம், கறுப்புக்கொடி, ரேஷன் அட்டையைத் திருப்பிக் கொடுப்பது, 2025இல் கொடுங்கையூர் குப்பை எரி உலைத் திட்டத்துக்கு எதிராகக் கைகோத்த மனிதச் சங்கிலி எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். பார்ப்பவர் மனதில் நான்கு விஷயம் பதிய வேண்டும் என்பது அவர் கணிப்பு: இவர்கள் மதிக்கத்தக்கவர்கள், ஒன்றுபட்டவர்கள், எண்ணிக்கையில் பலர், பின்வாங்காதவர்கள். காலிக்குடம் இத்தனை ஆண்டாகச் செல்லுபடியாவதற்குக் காரணம், அது முதல் இரண்டையும் பேச்சில்லாமல் சொல்லிவிடுகிறது.

காசு கொடுத்துச் சேர்க்கும் கூட்டம்

2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலைப் பணப்பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. டிசம்பரில்தான் வாக்குப்பதிவு நடந்தது. ஓட்டுக்குக் காசு, கூட்டத்துக்குக் காசு, பிரியாணிப் பொட்டலம் என்பவை ஓல்சன் சொன்ன தனிப் பலனின் இன்னொரு முகம். கட்சியின் வட்டச் செயலாளர் சாதிச் சான்றிதழிலிருந்து ஆஸ்பத்திரிப் படுக்கை வரை முடித்துக்கொடுக்கிறார். அதற்கு ஈடாக ஆள் வருகிறது. ஏழைகள் விலைபோகிறார்கள் என்று நொந்துகொள்வதற்கு முன் அரசியல் அறிஞர் பார்த்தா சாட்டர்ஜியைப் படிக்கலாம். சட்டப்படி உரிமை நிறுவ முடியாத இடத்தில், பட்டா இல்லாத குடிசைகளில் வாழ்பவர்கள், வாக்கு எண்ணிக்கையையும் தொடர்புகளையும் வைத்தே அரசோடு பேரம் பேசுகிறார்கள் என்பது 2004இல் நூலாக வந்த அவரது வாதம். பேரத்தில் கிடைப்பது சலுகை. அடுத்த தேர்தலில் மறுபடி பேரம் பேச வேண்டும் என்பதுதான் அதன் குறை.

சங்கங்களுக்குள்ளும் ஒரு நோய் உண்டு. சமூகவியலாளர் ராபர்ட் மிஷெல்ஸ் 1911இலேயே எச்சரித்தார்: எந்த அமைப்பும் நாளடைவில் சிலர் கைக்குள் போய்விடும். கணக்கு எழுதத் தெரிந்தவர், அதிகாரியிடம் பேசத் தெரிந்தவர் ஒருவரே என்றால், அவரை மாற்ற முடியாமல் போகிறது. வசூல் கணக்கை மாதம் ஒருமுறை தெருவில் வாசித்துக் காட்டுவது, வங்கியில் இருவர் கையெழுத்து, அலுவலகம் போகும்போதெல்லாம் புதிதாக ஒருவரைக் கூட்டிப்போவது ஆகிய மூன்றும் முழு மருந்தாகாவிட்டாலும் நோயைத் தள்ளிப்போடும்.

பொறுப்பு யாருடையது?

1968இல் லட்டானே, டார்லி என்ற உளவியலாளர்கள் இருவரும் ஒரு அறைக்குள் புகை விட்டுச் சோதித்தார்கள். தனியாக உட்கார்ந்திருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்த் தெரிவித்தார்கள். தெரியாத மூவர் சேர்ந்திருந்த குழுக்களில் அது 38 சதவீதமாக இறங்கியது. கண்டுகொள்ளாமல் நடிக்கும் இரண்டு பேரோடு உட்கார வைத்தபோது 10 சதவீதம்தான். ஆள் கூடக்கூடப் பொறுப்பு கரைகிறது. “யாராவது 1913க்கு போன் போட்டிருப்பாங்க” என்று, மாநகராட்சிப் புகார் எண்ணைப் பற்றித் தெரு முழுக்க நினைப்பது இதுதான். மாற்று எளிது, ஆனால் விடாமல் செய்ய வேண்டும்: கூட்டம் கலைவதற்குள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர், ஒரு தேதி. “குழு பார்த்துக்கொள்ளும்” என்று எழுதிய வேலை நடக்காது. புகார் எண்ணைக் குழுவில் பதிவிடுவதும் ஒருவர் வேலை.

பெரிய அளவில் கேள்வி சிக்கலாகிறது. எண்ணூர் அனல்மின் சாம்பலுக்கு யார் பொறுப்பு? ஆலையா, கண்காணிக்கும் வாரியமா, தென் சென்னையில் ஏசி போடுபவரா? அரசியல் தத்துவ அறிஞர் ஐரிஸ் மேரியன் யங் இரண்டு பொறுப்புகளைப் பிரித்தார். ஒன்று, நடந்த தீங்குக்குக் குற்றவாளியைக் காட்டும் பொறுப்பு. தண்டனை, நட்டஈடு இதில் வரும். மற்றது, அநீதி தொடரும் அமைப்பில் பங்குள்ள எல்லோருக்கும், இனி அதை மாற்றுவதற்கு உள்ள பொறுப்பு. ஏசி போடுபவர் குற்றவாளி அல்ல. ஆனாலும் அவருக்கு இதில் வேலை இருக்கிறது. இரண்டையும் குழப்பினால் “நாம் எல்லோரும்தான் காரணம்” என்ற பேச்சில் உண்மையான குற்றவாளி நழுவிவிடுவார்.

இதே குழப்பம் நிறுவனங்களின் சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) பணத்திலும் உண்டு. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனம் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். வேறு சட்டத்தின்படி செய்தே தீரவேண்டிய கடமையை இந்தக் கணக்கில் காட்ட விதிகள் அனுமதிப்பதில்லை. ஆகவே தெருமுனையில் வைத்துத் தரும் ஆர்ஓ குடிநீர் நிலையம், கெடுத்த நிலத்தடி நீருக்கான நட்டஈடு ஆகாது. இரண்டையும் தனித்தனிக் கோரிக்கையாக, தனித்தனிக் கடிதத்தில் கேட்க வேண்டும்.

வேலையாக இறங்கும்போது

மனு தோற்பதற்கு மிகச் சாதாரணமான காரணம், தப்பான மேசைக்குப் போவது. மழைநீர் வடிகால் மாநகராட்சி. கழிவுநீரும் குடிநீரும் குடிநீர் வாரியம். ஆலைப்புகையும் கழிவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஒரே தாளில் மூன்றையும் எழுதினால் மூன்று அலுவலகமும் மற்ற இரண்டைக் காட்டும். ஒரு பிரச்சினை, ஒரு அலுவலகம், ஒரு தாள், தேதியோடு ஒப்புகை முத்திரை. வார்டுக்குப் பத்தாக வகுக்கப்பட்ட பகுதி சபைகளில் எழுப்பினால் அது பதிவாகும். கவுன்சிலரிடம் வாய்மொழியாகச் சொல்வதைவிட உறுதி.

அமைதியாக, ஆயுதமின்றிக் கூடுவது அரசியலமைப்பின் 19(1)(ஆ) தரும் உரிமை. சென்னையில் அதற்கு 1888ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். ஐந்து நாள் முன்னதாக அனுமதி கேட்கச் சொல்வார்கள். 2022 முதல் ஆவடி தனி ஆணையரகம் என்பதால், உங்கள் காவல் நிலையம் எந்த ஆணையரகத்தில் என்று முதலில் பாருங்கள். அனுமதி மறுத்தால் எழுத்தில் வாங்குங்கள். நீதிமன்றம் போக அந்தத் தாள்தான் வேண்டும்.

பெரிய திட்டம் என்றால் பொது விசாரணைக் கூட்டம் வரும். 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி குறைந்தது முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவரது பிரதிநிதியோ தலைமை ஏற்பார். முழுவதும் வீடியோவில் பதிவாகும். குறைந்தபட்சம் இத்தனை பேர் வரவேண்டும் என்ற வரம்பு கிடையாது. புறக்கணித்தாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு. திட்ட அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்கும். அதை வைத்துப் பத்துப் பேருக்குப் பத்துக் கேள்வி பிரித்துக் கொடுங்கள். எல்லோரும் ஒரே முழக்கத்தைச் சொன்னால் பதிவில் அது ஒரே வரியாகச் சுருங்கும். எழுத்து வடிவிலும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். முடிவில் கூட்டக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்டிவிட்டு, அன்றைக்கே ஆட்சியர் தரப்பு கையெழுத்திட வேண்டும் என்பது விதி. தாங்கள் கேட்டது அதில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க, பேசியவர்களின் பட்டியலோடு ஐந்து பேராவது அப்போது முன்வரிசையில் இருக்க வேண்டும். ஊர் திரும்பும் வேனுக்கு நேரம் சொல்லும்போது, குறிப்பு வாசித்து முடித்த பிறகு என்று சொல்லிவையுங்கள்.